அடைப்பான்

படகின் பின்புறம், அடியோரமாக, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஏரியை விட்டுப் படகை வெளியே எடுத்ததும் அதன் அடைப்பானைத் திருகிக் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடியவிட வேண்டும். மினசோட்டாவில் அது சட்டம், ஐயா. ஓர் ஏரியின் களையும் சிப்பியும் இன்னோர் ஏரிக்குப் போகக்கூடாது. மறுபடி இறக்கும்போது அதை மாட்ட வேண்டும். அதைத்தான் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பூங்காவின் படகுத்துறையில் நின்று, "அடைப்பான் போட்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பதுதான் என் வேலை.

மீன்பிடிப் பருவம் தொடங்குகிற வாரம் என் மகள் மார்னியும் அவள் புருஷன் கர்ட்டும் ஏரிக்கரையில் கூடாரம் போட வருவார்கள். இந்த மே மாதமும் வந்தார்கள். பனிக்கட்டி அப்போதுதான் உருகியிருந்தது. தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். சாயங்காலம் நெருப்பு மூட்டிச் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம்.

"மாமா, அரிசோனாவுல வேலை கெடச்சிருச்சு" என்றான் கர்ட். "பனி தள்ற மண்வெட்டிய உங்க பேருக்கே எழுதி வெச்சிட்டுப் போறோம்."

மார்னி சிரித்தாள். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காதப்பா. கிறிஸ்மஸுக்கு வா. அங்க நீ சட்டையில்லாம உக்காரலாம்."

"அந்தக் கண்றாவிய யாரு பாக்கறது?" என்றேன். மூவரும் சிரித்தோம். அவள் அம்மா போனபின் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

காலையில் கர்ட் அடைப்பானை ஒழுங்காகத்தான் மாட்டினான். தூண்டில் பெட்டியை எடுக்க அவன் வண்டிப் பக்கம் போனபோது நான் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். படகு ஓடும்போது ஒன்றும் தெரியாது. நடு ஏரியில் நின்று தூண்டில் போட்ட பிறகுதான் தண்ணீர் ஏறும், அதுவும் கண்ணில் படாமல், தளப் பலகைக்கு அடியில். மிதவைச் சட்டையைக் கர்ட் உடம்பில் மாட்ட மாட்டான், அடியில் போட்டு உட்காருவான்.

மார்னி அந்த நேரத்தில் எழுந்திருக்கவே மாட்டாள். அன்று காப்பிக் குடுவையோடு வந்தாள். "கடைசித் தடவை, நானும் வரேன்" என்று ஏறிக்கொண்டாள்.

"அடைப்பான் இருக்காம்மா?" என்று பின்னால் காத்திருந்தவர் கேட்டார்.

"எங்கப்பா பாத்துட்டாரு."

நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், அது ஏன் என் பையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் என்னை அடியோடு விட்டுப் போய்விடுவாள். கையை ஆட்டினேன்.

அலறல் கேட்டதும் பூங்காவின் மீட்புப் படகை இறக்கினேன். முதலில் அதன் அடைப்பானைச் சரிபார்த்தேன். அவசரத்தில்தான் மறக்கும். கர்ட் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தான். மார்னி அதற்குள் கீழே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடும்போது கர்ட் என் கையைப் பிடித்தான். "மாமா, நான் மாட்டினேனா? நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் மறக்கறதுதான், மாப்ள" என்றேன். தட்டில் இருந்ததைச் சாப்பிடச் சொன்னேன்.

அதிலிருந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றதாகச் சொல்லி அழுகிறான். விசாரிக்க வந்த உங்களிடமும் அப்படியே சொன்னானாமே. மனசு உறுத்தி நான் இதை எழுதவில்லை, ஐயா, நன்றாகத்தான் தூங்குகிறேன். அவன் பேச்சுதான் பொறுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை அவளை அவன்தான் வைத்திருந்தான். அவள் சாவும் அவனுக்கேயா? அவள் என் மகள். அவளை நான்தான் கொன்றேன்.