ஒரு வினாடி போதாது

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். கூடத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். பதினான்கு பேர் மாணவர்கள். எண்ணிவிட்டுத்தான் மைக் முன்னால் வந்தேன்.

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, பயிற்றுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் பராமரிப்புப் பொறியாளன். நம் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர், நாம் எல்லோரும் ‘வினாடி சார்’ என்று அழைத்தவர், சனிக்கிழமை வகுப்பறை நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஆறாயிரம் மணி நேரம் பறந்தவர். ஒரு மாணவரைக்கூட இழக்காதவர்! இதைச் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் பயம்? புதிய பயிற்சி ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வினாடி சாரும் நானும் என இருவர். சிறியது, பெரியது என்று பார்த்த இரண்டில் நான் சிறியதைப் பரிந்துரைத்தேன். எரிபொருள் குறைவு, உதிரிபாகம் உடனே கிடைக்கும், பயிற்றுநர்கள் நால்வர் ஓட்டிப் பார்த்து அருமை என்றார்கள். வினாடி சார் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. “பயப்படுறவங்க கையில குடுக்கப்போற மெஷினை, பயமே இல்லாத நாலு பேர் ஓட்டிப் பாத்து எடுக்கறீங்களேப்பா” என்றார்.

நடுவானில் எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டரைப் பத்திரமாக இறக்க முடியும். அதற்கு இடது கையிலுள்ள லிவரை உடனே கீழே அழுத்த வேண்டும். தாமதித்தால் மேலே சுழலும் இறக்கை வேகம் இழந்துவிடும். பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. சிறியதன் இறக்கை லேசு. அது தரும் அவகாசம் ஒரே வினாடி. பெரியதன் இறக்கை கனம். மூன்று வினாடி தரும்.

சார் என்ன செய்தார்? தரையில் நின்ற ஹெலிகாப்டரில் பதினான்கு மாணவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, சாப்பாட்டைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே திடீரென எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டு, லிவர் கீழே போகும் நேரத்தை அளந்தார். மிக வேகமானவருக்கு ஒன்றரை வினாடி. மிக மெதுவானவருக்கு இரண்டு புள்ளி ஆறு.

நான் கிண்டல் செய்தேன். என்னையும் உட்கார வைத்தார். மணி அடிக்கும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். ஒன்று புள்ளி எட்டு. உங்கள் வாட்ச் பழசு என்றேன்.

“வாட்ச் சரியாத்தான் இருக்கு தம்பி. நீதான் செத்துட்ட.”

அப்போதும் நான் அறிக்கையை மாற்றவில்லை. வெறும் ரோஷம்.

அவர் கோழையா? சனிக்கிழமை காலை ஷூ மாட்டும்போது தன் மனைவியிடம், இதோ முன்வரிசையில் இருக்கும் அம்மாவிடம், பயமாயிருக்கிறது என்றாராம். இத்தனை வருஷம் பறந்துவிட்டு இப்போது என்ன பயம் என்று அம்மா கேட்டிருக்கிறார். “பறக்கிறதுக்கு இல்ல. அனுப்புறதுக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

நேற்று இயக்குநர் அவர்கள் என்னை அழைத்தார். சாருடைய பதவி காலி, எனவே ஒரு கையெழுத்தே போதும், கொள்முதல் ஆணை வியாழக்கிழமை போகிறது என்றார். அந்தக் கையெழுத்து என்னுடையது. மன்னிக்கவும் இயக்குநர் அவர்களே, இதை உங்கள் அறையிலேயே பேசியிருக்கலாம். அங்கே பேசினால் தலையாட்டிவிடுவேனோ என்று பயம். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் பேசுகிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் சொன்னீர்கள். எப்படித் தொடர்வது? நான் செய்யப்போவது இவை:

1. இன்று மதியத்துக்குள் என் அறிக்கையைத் திரும்பப் பெறுவேன். ‘நான் செய்தது தவறு’ என்று அதில் எழுதுவேன்.

2. சார் அளந்த பதினான்கு அளவுகளையும், பதினைந்தாவதாக என்னுடையதையும், குழுவின் கோப்பில் சேர்ப்பேன். யாருடையது எது என்று எழுத மாட்டேன், என்னுடையதைத் தவிர.

3. மிக மெதுவான கைக்கும் அவகாசம் தரும் ஹெலிகாப்டரை மட்டுமே பரிந்துரைப்பேன். வேலை போனால் போகட்டும்.

4. ஓட்டிப் பார்ப்பதற்காக வந்து கொட்டகையில் நிற்கும் அந்தச் சிறியதை நாளை காலை ஏழு மணிக்கு முதல் மாணவியுடன் பறக்கவிட என் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். தர மாட்டேன். மூன்றாம் வரிசையில் இருக்கும் தங்கச்சி, நாளைக்கு நீ நிதானமா எழுந்திரு.