கன்னத்துப் பொத்தான்

ரசச் சோற்றை யாரும் கெட்டியாகப் பிசைவதில்லை. தட்டில் அது கொஞ்சம் ஓட வேண்டும். அப்போதுதான் மிளகு நாக்கில் ஏறும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், ரக்ஷனா. காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது.

போன வாரம் நீங்கள் தொலைபேசியில் சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சோதனைக்காக நீங்கள் எங்களிடம் கொடுத்த ஊட்டும் கருவி நம்மவர் சாப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை, இனி தமிழ்க் குடும்பங்களுக்கு அதைக் கொடுப்பதில்லை என்று முடிவாகப்போகிறது என்றீர்கள். அதனால்தான் வரச்சொன்னேன். செய்யாத தப்புக்கு ஓர் இயந்திரத்தின் மேல்கூடப் பழி விழக் கூடாது. அந்தக் கருவியில் ஒரு குறையும் இல்லை.

நான் கோயிலில் பரிமாறுகிறவன். சிராங்கூன் சாலையில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். சாம்பார் வாளி என் கையில்தான் இருக்கும். போதும் என்று சிலர் தட்டுக்கு மேல் கையை மறைப்பார்கள். நான் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றுவேன். கூச்சத்தில் அப்படிச் சொல்கிறார்கள். வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சின்னச் சின்ன அன்பால்தான் இந்த உலகம் ஓடுகிறது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என் மனைவி பாக்கியத்துக்கு நரம்பு நோய் கையில் தொடங்கியது. முதலில் வளையல் போட முடியவில்லை. பிறகு கரண்டி பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான்தான் ஊட்டினேன். கையைக் கழுவி, விபூதி வைத்துவிட்டு, சோற்றை விரலால் பிசைந்து சின்ன உருண்டையாக வாயில் வைப்பேன். சோறு, காய், கடைசியில் தயிர். ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை. கோயிலில் என்னோடு பரிமாறும் சின்னத்தம்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார். "மாணிக்கண்ணே, உங்க மாதிரி யாரு லா பாத்துக்குவா? அண்ணி குடுத்து வச்சவங்க." அதைக் கேட்காத வெள்ளிக்கிழமை எனக்குக் கோயிலுக்குப் போனது போலவே இருக்காது.

பிறகு நீங்கள் அந்தக் கருவியோடு செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மேசை மேல் ஒரு வெள்ளைக் கை, அதன் முனையில் கரண்டி, கீழே நான்கு குழி வைத்த தட்டு. பாக்கியத்தின் வலது கன்னத்துக்கு அருகே ஒரு பொத்தானைப் பொருத்தினீர்கள். கன்னத்தால் ஒரு தட்டு தட்டினால் கரண்டி அடுத்த குழிக்குப் போகும். இரண்டு தட்டு தட்டினால் வாய்க்கு வரும். கன்னத்தை அழுத்தியபடியே வைத்திருந்தால் நின்றுவிடும். "போதும்னு தோணுச்சுன்னா அப்படியே அழுத்தி வச்சிருங்க ஆன்ட்டி, அது எதுவும் கேக்காது" என்றீர்கள்.

பாக்கியம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது அவளுக்குப் பேச்சு குழறினாலும் புரியும். "இத்தன நாளா இவருக்குத்தான் இந்தப் பொத்தான் இல்ல."

எதிர்வீட்டு ஆமினா பீவியும் சிரித்தார். "அக்கா, உங்களுக்கு மெஷின் ஊட்டுது. எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, தண்ணி கிளாஸ்கூட அவருக்கு நான்தான் எடுத்துக் குடுக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க ரெஸ்ட் எடுக்கலாம் அண்ணே" என்றார். நானும் சிரித்தேன்.

முதல் நாள் அவள் பாயசத்திலிருந்து தொடங்கினாள். பிறகு கத்திரிக்காய். பிறகு மறுபடியும் பாயசம். தயிரைத் தொடவே இல்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தபடி மென்றாள். பல வருடங்களுக்குப் பிறகு நானும் அதே மேசையில் சூடான சோற்றோடு உட்கார்ந்தேன். எனக்கு இறங்கவில்லை. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னத்தம்பி, "இப்பல்லாம் ரோபோவே ஊட்டுதாமே, அதிர்ஷ்டக்காரரு லா நீங்க" என்றார். அண்ணி கொடுத்துவைத்தவர் என்ற பேச்சு வரவில்லை.

அவள் விழுங்குவதைச் சோதித்த நிபுணர் முன்பே சொல்லியிருந்தார். நீராக இருக்கும் எதையும் அவளுக்கு அப்படியே கொடுக்கக் கூடாது, கெட்டியாக்கும் பொடியைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. மூன்று வேளையும் பொடி கலந்துதான் கொடுத்துவந்தேன்.

கருவி வந்த பிறகு காலையும் இரவும் நான் ஊட்டினேன், மதியம் கருவி. நான் ஊட்டுவதில் பொடி கலந்தேன். மதியச் சாப்பாட்டில் கலக்கவில்லை.

அவளைத் துன்பப்படுத்த நினைக்கவில்லை. ரசம் கரண்டியிலிருந்து வழிந்து அவள் மார்பில் கொட்டும், அவளுக்கே அலுத்துப்போகும், கருவி வேண்டாம் என்று அவளே சொல்வாள். அவ்வளவுதான். சொட்டியதையெல்லாம் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டேன். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"பொடி போட்டீங்களாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"போட்டேன் பாக்கியம்."

நாற்காலி நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக நீங்கள் தரையில் ஒட்டிய சிவப்பு டேப்பையும் நான்தான் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினேன். கரண்டி உதட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றது. அவள் கழுத்தை எட்டி எட்டி வாங்கினாள். நீங்கள் வருகிற நாளில் டேப் பழைய இடத்தில் இருக்கும், ரசமும் கெட்டியாக இருக்கும். "நான் இருக்கப்ப நல்லாத்தான் வேல செய்யுது அங்கிள்" என்று குழம்பிப்போனீர்கள். நம் சாப்பாட்டுக்கு இது சரிப்படாது போல என்று உங்களுக்கு எடுத்துக்கொடுத்தது நான்தான்.

மதியத்தில் அவளுக்குப் புரையேறத் தொடங்கியது. கண்ணில் நீர் வரும்வரை இருமுவாள். நான் எழுந்து போய் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ உன்ன நினைக்கிறாங்க" என்பேன்.

"நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. வேற யாரு என்ன நினைக்கப்போறா?" என்பாள்.

இரவில் நான் ஊட்டும்போது இருமல் வராது. அந்த வித்தியாசத்தை அவள் கவனிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் கவனித்தாள். ஆனால் வேறு விதமாகக் கணக்குப் போட்டாள். "மெஷின் மேல தப்பில்லங்க. எனக்குத்தான் வாயச் சரியாத் தொறக்கத் தெரியல" என்றாள். மாலையில் வெறும் கரண்டியை வரவழைத்து, வாயைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று அதைப் பார்த்தேன். மறுநாள் பொடி போட்டுவிடலாம் என்று அப்போது நினைத்ததும் உண்மை. மறுநாளும் போடவில்லை.

காய்ச்சல் வந்தது. மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். உணவில் பொடி கலந்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். கலந்தேன் என்றேன். காலையும் இரவும் கலந்தது உண்மைதானே. கட்டிலருகே உட்கார்ந்து திருவாசகம் படித்தேன். செவிலியர்கள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது. இனி வாய் வழியாக எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மூக்கில் குழாய். அதில் பால் ஊற்ற எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதுதான் நடந்தது. நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். கருவியை மட்டும் வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பொடி கலந்தால் ரசமும் அதில் நிற்கும்.

போவதற்கு முன்னால் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளறையில்தான் இருக்கிறாள். பால் ஊற்றும் நேரம் ஆகிவிட்டது. கையைக் கழுவி, விபூதி வைத்துக்கொண்டுதான் ஊற்றுவேன். வேளை தவறியதில்லை. சின்னத்தம்பி போன வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்.

ஒன்றுதான் எனக்குப் பாவமாக இருக்கிறது. உங்கள் பொத்தானின் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. குழாயில் பால் இறங்கத் தொடங்கியதும் முகத்தை வலப்பக்கம் திருப்பித் தலையணையில் கன்னத்தை அழுத்துகிறாள். எடுப்பதே இல்லை, அழுத்தியபடியே இருக்கிறாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, முகத்தை மெல்ல நேராக்கிவிட்டு, மீதிப் பாலையும் ஊற்றிவிடுவேன். அவளுக்கு எப்போதுமே கூச்ச சுபாவம்.