முழுகிட்டுக் கேளு

வெள்ளக்காரன் காலத்துல கோரைக்குடின்னு ஒரு ஊரு. வேற எங்கயோ இல்ல மாப்ளே, நாம உக்காந்திருக்கிற இந்த ஊருதான். ஊரு முச்சூடும் பேருக்குப் பின்னால ஒரே பட்டம், காடவராயர். கல்லெடுத்து எறிஞ்சா ஒரு காடவராயர் மேலதான் விழும்பாங்க.

போனைக் கீழ வையி. எல்லையில சிப்பாய் காடவராயர் செத்துட்டார்னு வெறும் பட்டத்தோட சேதி வந்திருக்கு, எம்மவனும் பட்டாளத்துல அங்கதான் இருக்கான், எல்லாம் தெரியும். ஈரம் சொட்டச் சொட்ட இந்த மாமன் விசாரிக்காம உக்காந்திருக்கானேன்னு பாக்குற. சொல்றேன், கேளு.

அப்ப கடல் தாண்டி பஸ்ரா பக்கம் பெரிய சண்டையாம். இந்த ஊர்லேருந்து நாலு பயலுவ பட்டாளத்துக்குப் போனானுவ. அதுல ஒருத்தர் எங்க தாத்தா சின்னக்கண்ணு. அவரைப் பெத்தவ தையநாயகி. வயசுலயே புருசனைப் பறிகொடுத்தவ. வாயி பொல்லாதது, மனசு அப்படி இல்லன்னு சொல்லுவாங்க. பட்டாளத்துக்குப் போவாம இன்னொரு பய, ரத்தினசாமின்னு, திருச்சினாப்பள்ளிக் காலேசுல படிச்சான்.

ஒருநா மணியக்காரர் வீட்டுக்குப் பேப்பர் வந்துச்சாம். தஞ்சாவூர் ஜில்லா சிப்பாய் காடவராயர் சண்டையில மாண்டார்னு ஒரு மூலையில போட்டிருக்கு. காலேசுப் பரிச்சையில காடவராயர் முதலா வந்தார்னு இன்னொரு மூலையில போட்டிருக்கு. சொந்தப் பேரு இல்ல, ஊரு இல்ல, வெறும் பட்டந்தான்.

முதலா வந்தது நம்ம ரத்தினசாமின்னு ஊரே சொல்லிடுச்சு. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. செத்தது யாருன்னுதான் யாருக்கும் வாய் வரல. நல்ல சேதின்னா நூறு கை நீளும், கெட்ட சேதிக்கு ஒரு கை நீளுமா?

நாலு தாயும் அடுப்புப் பத்தவைக்கலயாம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கலயாம். ஒருத்தி கெணத்தடிக்கு வந்தா மத்தவ கொடத்தைத் தூக்கிகிட்டுப் போயிடுவாளாம். அய்யனார் கோயிலுக்கும் தனித்தனியாத்தான் போனாளுவ. தபால்காரன் வந்தாக் கதவைச் சாத்திகிட்டு, யாரு வாசல்ல நிக்கிறான்னு இடுக்கு வழியாப் பாப்பாளுவளாம். அவன் தாண்டிப் போனாத்தான் மூச்சு வருமாம்.

இப்படிச் சாவறாளுவ, அப்ப ரத்தினசாமி ஊருக்கு வந்தான். வாசல்ல மாலையோட நின்னவங்ககிட்ட, முதலா வந்தது நான் இல்ல, அது வேற ஊரு காடவராயர், நான் ஒரு பாடத்துல கோட்டை விட்டுட்டேன்னானாம். அவங்கப்பன் கைய ஓங்கிட்டாரு.

"இருங்கப்பா. பேப்பர்ல பாத்துட்டு தஞ்சாவூர் பட்டாள ஆபீசுல கேட்டுட்டுத்தான் வாறேன். செத்ததும் நம்ம ஊரு இல்ல. அம்மாபேட்டைக்கு அந்தாண்டயாம். தாயில்லாப் புள்ளையாம்."

நாலு தாயில மூணு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாளுவ, சிரிச்சாளுவ, அய்யனாருக்குத் தேங்கா ஒடைக்கக் கெளம்பினாளுவ. தையநாயகி வழிய மறிச்சுகிட்டா.

"அய்யனாருகிட்ட என்னடி கேட்டீங்க?"

"எம்புள்ளையா இருக்கக் கூடாதுன்னு கேட்டேன்க்கா."

"நானும் அதான் கேட்டேன். நாலு பேரும் அதையேதான் கேட்டிருக்கோம். அப்ப யாரு புள்ளையா இருக்கட்டும்னு கேட்டோம்?"

கெளம்பினவளுவ தேங்காய மடியில இறக்கிகிட்டாளுவ.

"அந்தப் புள்ளைக்காவ வேண்டிக்க ஒரு தாயி இல்லாமப் போச்சு. அவனும் காடவராயந்தான். பங்காளி செத்தா முழுவணும். வாங்கடி."

தேங்காயக் கரையில வச்சிட்டு நாலு பேரும் நாம உக்காந்திருக்கிற இதே துறையில எறங்குனாங்களாம். மொகந்தெரியாத அந்தப் புள்ளைக்குப் பெத்தவ மாதிரியே மார்ல அடிச்சுகிட்டு அழுதாங்களாம். கரையேறி ஈரத்தோட தையநாயகி சொன்னாளாம், இனிமே நம்ம பட்டத்துல ஒரு சாவுச் சேதி வந்தா மொதல்ல முழுவு, அப்பறம் யாருன்னு கேளு, கேட்டுட்டு முழுவுனா மனசு கள்ளத்தனம் பண்ணும்னு.

அதுலேருந்து இதுக்கு நாலுதாயித் துறைன்னு பேரு. ரேடியோ வந்துச்சு, டிவி வந்துச்சு, இப்ப உங்க போனு வந்திருக்கு. பழக்கம் மட்டும் மாறல.

நானும் முழுகிட்டேன். யாரு பெத்த புள்ளையோ, அழுதுட்டேன். ஆனா கதைய இம்புட்டு நேரம் இழுத்தேன் பாரு, அது பழக்கம் இல்ல மாப்ளே, பயம். தண்ணிக்குள்ள போனதும் என் வாயில எம்மவன் பேருதான் வந்துச்சு. தையநாயகி இருந்தா என்னை இன்னொரு தரம் முழுவச் சொல்லியிருப்பா.

சரி, அந்தப் போனை எடு. எம்மவன் நம்பரை நீயே போட்டுக் குடு.