ஜுலைகா அம்மாவின் ‘ம்’

சொந்தக் கையெழுத்தில் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்கவும், இன்ஸ்பெக்டர் சார். நாற்பத்தெட்டு வயதில் ‘எழுதித் தாருங்கள்’ என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். இரண்டு பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பார்க்கிறேன்.

பெயர் மணிவேல். ஊர் பெரம்பலூர். தொழில் பிசியோதெரபி. பக்கவாதம் வந்து படுத்தவர்கள் வீட்டுக்கு பைக்கில் போய்க் கைகாலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறேன். வேப்பந்தட்டையில், சிறுவாச்சூரில், எங்கே வேண்டுமானாலும் விசாரியுங்கள். என்னால் எழுந்து நடந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

‘பன்னீர்த் தெரு’ சீரியலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் சாரதா என்றொரு மருமகள். நானூற்றுப் பன்னிரண்டாம் நாள் சிலிண்டர் வெடித்துச் செத்துப்போனாள். நிஜத்தில் அந்த நடிகை வேறு சேனலுக்குப் போய்விட்டார். மறுநாள் போட்டோவுக்கு மாலை, மூன்றாம் நாள் புருஷனுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. சிலிண்டர் வெடித்த நேரத்தில் சாரதா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்று வைத்து, கதையை அங்கிருந்து நானே எழுத ஆரம்பித்தேன். செல்போனில் அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது.

வாசகர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் என்னைப் போலவே எழுதுகிறவர்கள். நான் அவர்களுக்கு ‘அருமை சகோ’ என்று போட்டால் அவர்களும் எனக்கு ‘அருமை சகோ’ போடுவார்கள். ஒருமுறை தவறுதலாக எழுத்தே இல்லாத வெற்று அத்தியாயம் ஒன்று போய்விட்டது. அதற்கும் நான்கு ‘அருமை சகோ’ வந்தது. என் மனைவி ஜோதியிடம் படித்துக் காட்டப் பார்த்தேன்.

“சாரதா செத்துட்டா. நாங்கல்லாம் அழுது முடிச்சாச்சு. நீங்க ஏன் இன்னும் அவளத் தூக்கிக்கிட்டு அலையிறீங்க?” என்றாள்.

எங்கள் ஊர் இலக்கியப் பேரவையின் தலைவர் அய்யம்பெருமாள் ஐயாவுக்கு முழங்கால் வலி. பயிற்சி கொடுக்கும்போது பேச்சுவாக்கில் கதையைச் சொன்னேன். “டிவிப் பொட்டிக் கதையெல்லாம் ஒரு எழுத்தாய்யா? இலக்கியம்ங்கிறது தவம்” என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய முந்நூறு பாட்டில் நாற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். அவர் கால் என் கையில் இருந்தது, விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை. நாற்பதுக்கும் ‘ஆஹா’ சொன்னேன். எழுந்து போக முடியாத ஆளுக்கு எழுத்தாளரிடம் எவ்வளவு மதிப்பு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கடுத்த மாதம் லப்பைக்குடிகாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஜுலைகா அம்மா, வயது அறுபத்தொன்று. நோன்புப் பெருநாள் கழிந்த நாலாம் நாள் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வராது. என்ன கேட்டாலும் ‘ம்’ என்ற ஒரு ஒலி மட்டும் வரும். மகன் அஸ்லாம் குவைத்தில். மருமகள் மர்ஜியாதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். முதல் நாளே மர்ஜியா ஒன்று சொன்னார்: “மாமி ‘பன்னீர்த் தெரு’ ஒரு நாள் விடாது சார். சாரதா செத்தன்னிக்குச் சோறு திங்கல.”

சாரதா சாகவில்லை என்று நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து ‘ம்’ என்றார்.

கதை கேட்பவர் ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். கொட்டாவிட்டால் சொல்கிறவன் நிறுத்திவிடுவான். இந்த அம்மா ஒரு வரி விடாமல் கொட்டினார். வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு அத்தியாயம். பயிற்சி நேரத்தில் ஆள் இருந்தால் கவனம் சிதறும் என்று மர்ஜியாவை அடுப்படிக்கு அனுப்பிவிடுவேன்.

ஆஸ்பத்திரி ஃபைலின் கடைசித் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், இரண்டாம் வாரமே அதைப் பார்த்தேன். வாரம் இரண்டு நாள் திருச்சியில் பேச்சுப் பயிற்சி, முதல் ஆறு மாதம் முக்கியம் என்று எழுதியிருந்தது. நல்ல வெயில் காலம். திருச்சி போய்வருவது லேசான அலைச்சலா? தாளை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். “பேசச் சொல்லித் தொந்தரவு பண்ணாதீங்கம்மா, பிரஷர் ஏறிடும். பேச்சு தானா வரும்” என்று மர்ஜியாவிடம் சொன்னேன். “நீங்க சொன்னா சரி சார், அல்லாஹ் லேசாக்குவான்” என்றார். மரியாதை தெரிந்த பெண்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அஸ்லாம் வீடியோவில் வருவார். “எம் பேரச் சொல்லும்மா. அஸ்லாம்னு ஒரு தடவ” என்பார். அம்மாவின் வாய் கோணும், கண்ணில் நீர் வரும், ‘ம்’ வரும். அது அஸ்லாமின் கடைசி எழுத்துதான் என்று மர்ஜியாவுக்கு ஒரு சந்தோஷம். நானும் ஆமாம் என்றேன்.

மர்ஜியாவின் பழைய போனில், நான் கதை போடும் ஆப்பில், அம்மா பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து லைக்கில் அழுத்த வைப்பேன். விழுந்த கைக்கு அது நல்ல பயிற்சி, எந்த டாக்டரிடமும் கேளுங்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு லைக். ‘அருமை சகோ’ ஒன்றுகூட இல்லாமல்.

சில நாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். களைப்பாக இருக்கும். கழுத்துக்கும் பயிற்சி வேண்டுமே என்று மெதுவாக இந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசிப்பேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் புதிதாக ஒரு ஒலி வந்தது. “வே” என்றார். மறுபடியும் “வே… வே…” என்றார். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு. பேச்சு திரும்புகிற நேரம் அது என்று தெரியும். அப்போது நான் அத்தியாயத்தின் பாதியில் இருந்தேன். “அலட்டிக்காதீங்கம்மா” என்று சொல்லி இரண்டு விரலை அவர் உதட்டின் மேல் வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஒலி வரும்போதெல்லாம் வைத்தேன். இரண்டு மாதத்தில் அதுவாகவே நின்றுவிட்டது. பழையபடி ‘ம்’ மட்டும். எனக்கும் வாசிக்க வசதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் மாதம் அஸ்லாம் லீவில் வந்தார். அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். பழைய ஃபைலின் நகலை ஆஸ்பத்திரியில் வாங்கியிருக்கிறார். மறுநாள் நான் வழக்கம்போல் பயிற்சிக்குப் போனேன். வாசலிலேயே மர்ஜியா நின்றிருந்தார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“மாமி ஒரு வார்த்த பேசிருச்சு சார்.”

சந்தோஷமாகத்தான் கேட்டேன், என்ன வார்த்தை என்று.

“வேணாம்.”

மர்ஜியாவே தொடர்ந்தார். “அங்க இருக்குற பயிற்சிக்கார அம்மா சொன்னாங்க. ஆரம்பத்துலேர்ந்து இதத்தான் சொல்லப் பாத்திருக்காம். கடசி எழுத்து மட்டும் வெளிய வந்துருக்கு. நான் பாவி, அடுப்படியில நின்னுக்கிட்டு, கத கேட்டு ம் கொட்டுதுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

அஸ்லாம் பின்னால் வந்து நின்றார். கையில் அந்தத் தாளின் நகல். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. “நேரம் தாண்டிப்போச்சாம் சார். இந்த ஒரு வார்த்தயோட நின்னாலும் நிக்குமாம். எம் பேரு வராதாம்” என்றார். சொல்லிவிட்டு, வெயிலில் நிற்கிறேன் என்று நிழலுக்கு வரச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம். தாளை எடுத்தது நான். பொய் சொன்னது நான். வாயை அடைத்தது நான். வரவிருந்த பேச்சை வரவிடாமல் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். வக்கீல் வேண்டாம், களைப்பாக இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் லப்பைக்குடிகாட்டுக்கு விசாரணைக்குப் போவீர்கள் அல்லவா, ஒரு சின்ன உதவி. அந்த அம்மா வேணாம் என்று சொன்னது எந்தக் கட்டத்தை என்று மட்டும் கேட்டு வாருங்கள். நூற்று நாற்பதாம் அத்தியாயத்தில் சாரதா புருஷனை மன்னித்து வீட்டுக்குத் திரும்புகிறாளே, அதுவாகத்தான் இருக்கும். எனக்கே அந்த இடம் கொஞ்சம் உறுத்தல்தான். திருத்திவிடலாம்.