பல்பு இல்லாத கோவில்

இல்லக்கா, உங்க மவ ஷைனா மேல ஒரு குறையும் இல்ல. எனக்க மவன் ரெனிஷ் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆம்பளைங்க வெளிய புதுக் காரச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு நிக்காங்க. அவங்க உள்ள வந்து கல்யாணத்துக்கு நாள் குறிக்கதுக்கு முன்ன சொல்லிருதேன்.

ரெண்டாயிரம் வருசம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுபோவுமாமே, அதச் சரி பண்ணணும், பிரான்ஸுக்கு ஆபீஸ்ல அனுப்புதாங்கன்னு போனான். வந்தப்பறம் பிலிம் கழுவிப் படம் வந்துது. இந்தா, பாருங்க. பிரான்ஸுன்னாலும் பட்டிக்காடு. நாலஞ்சு ஓட்டு வீடு, வேலிக்குள்ள மாடு, நடுவுல சிலுவ வச்ச ஒரு கல் கோவில். எண்ணூறு வருசப் பழசாம். ஜன்னல்னு பேரு, கை நுழையாது. உள்ள மெழுகுதிரிதான், ஒரு பல்பு கிடையாது. இங்க என்ன கம்ப்யூட்டரடா சரி பண்ணினன்னு கேட்டேன். லீவுல சும்மா சுத்திப் பாக்கப் போனேன்னான்.

சுத்திப் பாக்கப் போறவன் கோட்டு மாட்டிக்கிட்டா போவான்? ஆமா, நீங்களும் கண்டுட்டீங்க. பூ வேற குத்தியிருக்கான்.

இந்தப் படத்துல கோவில் நடையப் பாருங்க. கல்படியில வெள்ள வெள்ளையா கிடக்குல்லா? ஆலங்கட்டி மழைன்னான். வெயிலு இந்த அடி அடிக்குது, மழையாம். அது அரிசிதான்க்கா. இங்க சான் ஹோசே கோவில்ல வெள்ளக்காரங்க கல்யாணம் முடிஞ்சு வந்தா பொண்ணு மாப்பிள்ள மேல வாரி எறிவாங்கல்லா?

கோவப்படாதீங்க. இது அவனுக்க அப்பா பாத்த சம்பந்தம். அவர் முன்ன இவனுக்கு நாக்கு எழும்பாது. நானும் வெறும் சந்தேகத்த வச்சு ஒரு குடும்பத்த எப்படி வேண்டாம்னு சொல்லன்னுதான் பொத்திக்கிட்டு இருந்தேன்.

இப்ப மட்டும் உறுதியாத் தெரியுமான்னா, தெரியும். காலையில உங்களுக்கு ஸ்வீட் வாங்கன்னு அப்பனும் மவனும் சான்டா கிளாரா போயிருந்தப்ப போன் அடிச்சுது. ஒரு பொம்பளப்பிள்ள. இங்கிலீசும் இல்ல, என்னமோ மூக்கால பேசுனா. ஒரு எழவும் விளங்கல. வைக்கப் போனேன். அப்ப அவ பேச்ச நிறுத்திட்டு அம்மான்னா. அந்த ஒண்ணு மட்டும் சுத்தமா இருந்துது. அவன்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்.

நானும் சொல்லு மவளேன்னுட்டேன்க்கா.