ஒன்பதாம் நாள் உருண்டை

விடிகாலை நாலரை மணி. ஆற்றுக்குப் போகிற சாலை. விளக்குக் கம்பங்கள் ஊர் முடிகிற இடத்திலேயே நின்றுவிடும். அதற்கப்புறம் வண்டியின் வெளிச்சம் மட்டும்தான்... அதுவும் ஒரு பத்தடிக்கு.

வண்டியை ஓட்டியவன் என் நண்பன். பின்னால் அவனுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். மடியில் பித்தளைச் சொம்பு, அதற்குள் ஒரு பிடி அரிசி. அண்ணனின் மனைவி இறந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

"டேய், பேய்க் கதைன்னுதானே சொன்ன? இது கருமாதிக் கதை மாதிரி இருக்கே," என்றான் சோடாபுட்டி.

"மூடிட்டுக் கேளுடா," என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

அறையில் நாங்கள் நாலு பேர். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரே மெழுகுவர்த்தி. சோடாபுட்டி காலை மடக்கிக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டான்.

நான் தொடர்ந்தேன். ஆறு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அண்ணன் தம்பியின் தோளைத் தொட்டார்.

"வண்டியத் திருப்புடா."

"எதையாவது வச்சிட்டு வந்துட்டியாண்ணா?"

"இல்ல. திருப்பு."

அதற்கு முந்தைய எட்டு நாளைச் சொல்ல வேண்டும். செத்தவருக்கு உடம்பு எரிந்துபோகிறது. உயிர் கட்டைவிரல் அளவில் வெறுமனே நிற்கிறது. தினம் ஒரு பிண்டம் போடுகிறோமே, சோற்று உருண்டை, அது அந்த உயிருக்கு ஒவ்வொரு உறுப்பாகப் புது உடம்பு கொடுக்கிறது. புராணம் அப்படித்தான் சொல்கிறது. போடுகிறவர்கள் பெரும்பாலும் அர்த்தம் கேட்பதில்லை. அண்ணன் கேட்டார். எதையும் கழற்றிப் பார்த்தே பழகிய ஆள். சாஸ்திரிகளும் சொன்னார். முதல் நாள் தலை. இரண்டாம் நாள் கழுத்தும் தோளும். அப்புறம் நெஞ்சு, முதுகு, தொப்புள், இடுப்பு, தொடை. எட்டாம் நாள் முழங்கால்.

"நாளைக்குப் பாதம்," என்றார் சாஸ்திரிகள். "பத்தாம் நாள் பசியும் தாகமும். அதோட கிளம்பிடுவாங்க. ஒரு வருஷ நடை."

அண்ணன் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். முதல் நாள் இரவு பக்கத்துத் தலையணை நடுவில் குழிந்திருந்தது. தலைக்குக் குளித்த ஈர வாசனை. மூன்றாம் நாள் மெத்தையில் காதை வைத்தால் துடிப்பு கேட்டது... தன்னுடையதா என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு வேகம். ஆறாம் நாள் கூடத்து நாற்காலி யாரோ உட்கார்ந்த மாதிரி முனகியது. எட்டாம் நாள் சமையலறையிலிருந்து சத்தம்.

டொக்... டொக்... டொக்.

நடக்கிற சத்தம் இல்லை. முழங்காலால் வருகிற சத்தம்.

அவர் பயப்படவில்லை. எட்டு நாளில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாராம். அதனால்தான் ஒன்பதாம் நாள் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"பாதம் வந்தா போயிடுவாடா."

"அண்ணி பாவம்ணா."

"லிஃப்ட்ல ஒரே ஒரு ஒயரக் கழட்டினா போதும். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். விழாது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சும்மா நிக்கும், அவ்வளவுதான்."

"உள்ள ஆள் இருந்தா?"

அண்ணன் சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தம்பி வண்டியைத் திருப்பினான்.

இந்த இடத்தில் சோடாபுட்டி என்னைப் பார்த்துக் கேட்டான். "நீ... உங்கப்பா போனப்ப நீ செஞ்சியா?"

"செஞ்சேன். பத்து நாளும்."

அவன் மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

ஒன்பதாம் நாள் இரவு அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். சத்தம் வந்தது. ஆனால் அவரிடம் வரவில்லை. கூடத்தைத் தாண்டி வாசல் கதவு வரைக்கும் போய் நின்றது. பிறகு கதவின் அடிப்பக்கத்தில் நகம் உரசுகிற சத்தம்... விடிகிற வரை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். "இங்க வாயேன்," என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக டீ போட்டுத் தரையில் வைத்தார். ஆறி, ஆடை கட்டி, அப்படியே கிடந்தது. பத்தாம் நாள் உருண்டையையும் அவர் போடவில்லை அல்லவா? பசி, தாகம் எதுவும் இல்லாதவளை எதைக் காட்டிக் கூப்பிடுவது? ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருவர் கட்டிலில். ஒருவர் கதவைப் பார்த்தபடி.

இருபதாம் நாள் இரவு சத்தம் திசை மாறியது. டொக்... டொக்... படுக்கையறைக்குள். நனைந்த சாம்பல் வாசனை. அவர் அவசரமாகச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி இடம் விட்டார். அவள் ஏறவில்லை. கட்டிலின் கால்மாட்டில் போர்வை மெல்ல உயர்ந்தது. இரண்டு கணுக்காலையும் குளிர்ந்த கைகள் பிடித்தன.

"கல்யாணமான புதுசுல அப்படித்தான் எழுப்புவா," என்று தம்பியிடம் சொன்னாராம். அசையாமல் படுத்திருந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

காலையில் வாசல் கதவு திறந்து கிடந்தது. தரையில் ஈரச் சுவடுகள், கட்டிலிலிருந்து வாசல் வரை. போகிற சுவடுகள் மட்டும்தான். பெரிய பாதம். ஆண் பாதம். அண்ணன் எழுந்து நிற்கப் பார்த்து, தரையில் விழுந்தார்.

பாதங்கள் இருந்தன. ஆனால் உணர்ச்சி இல்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. தம்பி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டான். மாடி அறை. கட்டிலை விட்டு அவர் இறங்குவதே இல்லை. ஆனால்... முதல் மாதம் ஒருநாள் காலையில் போர்வையை விலக்கினால் இரண்டு பாதத்திலும் மணல். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சுடுமணலில் நடந்த மாதிரி. தினமும் அப்படித்தான். மூன்றாம் மாதம் முள். தம்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். அண்ணனுக்கு வலிக்காது. தலையணையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"இன்னிக்கு என்னடா?"

"முள்ளுண்ணா."

"நேத்த விட அதிகமா?"

"ஆமா."

"அப்ப நல்ல தூரம் போயிட்டா."

கடிதம் வந்ததா என்று கேட்கிற குரல். ஒரு நாளில் அவர் பேசுவதே அவ்வளவுதான். "என்னையும் கேட்டிருக்கலாம். கூடவே போயிருப்பேன்," என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம்.

போன வாரம் முள் நின்றுவிட்டது. பாதம் ஈரமாக இருந்தது. செத்தவர்கள் போகிற வழியில் ஓர் ஆறு உண்டு. அதைக் கடந்துதான் ஆக வேண்டும். அண்ணனுக்கும் அது தெரியும்.

"அவளுக்கு நீச்சல் தெரியாதுடா," என்றார். தன் பாதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான்."

அவள் எடுத்துக்கொண்டு போனது பாதத்தை மட்டும்தான். முந்தாநாள் ஈரம் கணுக்காலைத் தாண்டியிருந்தது. நேற்று முழங்கால். இன்று சாயங்காலம் நண்பன் போன் செய்தான். இடுப்பு வரைக்கும் வந்துவிட்டதாம். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுகிறாராம்.

தண்ணீர்தானே என்று கேட்டேன்.

துண்டை மூன்றாவது தடவையாகத் துவைத்துக்கொண்டிருக்கிறேன், சிவப்பு போகவில்லை என்றான்.