மாமனார் பார்த்த நீல வரியன்

கோடையில் விடிந்ததும் விடியாததுமாகப் பட்டாம்பூச்சி பார்க்கத் தோட்டத்துக்குப் போவது வீண் வேலை. வெயில் ஏறி, சிறகு சூடான பிறகுதான் அவை பறக்கும். என் மாமனாருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. கண் விழித்ததுமே என் தலைமேல் பறக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சார் உங்களுக்கு விஷயம் புரியும். கடை என்னுடையது. வீடு, தோட்டம், ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் சிரிப்பு எல்லாம் அவருடையவை.

அவர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். தூரத்து சிக்னலைப் பார்த்துப் பழகிய கண் என்று ஒரு கர்வம். ரயிலை விட்டு இறங்கிய பிறகு அந்தக் கர்வத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே, பட்டாம்பூச்சிகளிடம் இறக்கிவைத்தார். செம்பருத்திக்கு அந்தப் பக்கம் ஏதாவது அசைந்தால் போதும், பெயர் சொல்லிவிடுவார். லீவு நாட்களில் நானும் மனைவியும் பின்னால் நிற்க வேண்டும். பரீட்சை எனக்கு மட்டும்.

"அதோ, அது என்ன மாப்பிள்ளை?"

"வெந்தய வரியன், மாமா."

"அது காஞ்ச இலை. இலைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கிட்டதான் ஊரே கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுது."

என் மனைவி சிரிப்பாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கிறவள் இல்லை. தபால் அலுவலகத்தில் நாள் முழுக்க முகத்தை இறுக்கி வைத்திருப்பவள், வாய்விட்டுச் சிரிப்பது அப்பா என்னை மட்டம் தட்டும்போது மட்டும்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இந்த வருஷம் வெயில் தொடங்கிய சமயத்தில், அவர் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கனத்த உடம்பு. எழுந்தபோது கண்ணாடி என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. புதிதாகப் போட்டுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பவரைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். ஒரே ஒரு தடவை, மகள் முன்னால், அவரும் காய்ந்த இலைக்குப் பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சொன்னார். இலைக்கு அல்ல, வேலியில் காயப்போட்டிருந்த என் சாக்ஸுக்கு.

என் மனைவி சிரிக்கவில்லை. "அப்பா, அது சாக்ஸ்ப்பா" என்றாள், குரல் இறங்கிப்போய். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"கண்ணாடியில ஏதோ கோளாறு இருக்கு மாப்பிள்ளை" என்றார் அவர்.

"புதுக் கண்ணாடி பழகுறவரைக்கும் அப்படித்தான் இருக்கும் மாமா."

கடையில் எல்லோரிடமும் சொல்வதுதான். பழகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் போல அந்த வீட்டில் நான் நிம்மதியாக இருந்ததே இல்லை. மனிதர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பரீட்சை நின்றுபோனது. "அது என்ன மாப்பிள்ளை? எனக்கு மசமசன்னு தெரியுது" என்று அவரே கேட்பார். தெரிந்தால் உண்மைப் பெயர் சொல்வேன், தெரியாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். வழுக்கைச் சிறகன் என்று ஒன்று. அவர் தலையைப் பார்த்ததும் தோன்றிய பெயர். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதை, "ரொம்ப அபூர்வமான வகை, லேசுல கண்ணுல படாது" என்று அவர் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன். நடுவில் படியில் தடுக்கினார். தாங்கிப் பிடித்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரியத்தைக் கெடுத்தது என் மனைவியின் அக்கறை.

"அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட காட்டப்போறேன்" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"நான்தான் பார்க்கிறேனே?"

"நீங்க பார்த்துத்தானே இப்படி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டர் அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். சரியான லென்ஸை மாற்றிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். கடையிலேயே இருந்தது, ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. ஆனால் மறுநாளே பரீட்சை மறுபடி தொடங்கியிருக்கும்.

வீடு மேட்டில் இருக்கிறது. தோட்டத்தின் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான சரிவு, அடியில் சாலை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி உள்ளே தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். இந்தக் கோடையில் நீல வரியன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே என்று மாமனார் புலம்பிக்கொண்டு வந்தார்.

"மாமா, அதோ நீல வரியன்" என்றேன்.

"எங்க, எங்க?"

"நேரா போங்க. மெதுவா. சத்தம் கேட்டா பறந்துடும்."

என் கையை விட்டுவிட்டு, அத்தனை கனமான மனிதர் நுனிக்காலில் நடந்தார். பாதியில் நின்றார்.

"சுவர் எங்க இருக்கு மாப்பிள்ளை?"

"இன்னும் தூரம் இருக்கு மாமா."

நடந்தார். "தெரியுது மாப்பிள்ளை, எனக்கும் தெரியுது" என்றார். அங்கே ஒரு பூச்சியும் இல்லை.

முகம் சிதைந்துபோனாலும் கண்ணாடி உடையவில்லை. நல்ல ஃபிரேமாகப் பார்த்துத்தான் போட்டிருந்தேன். டாக்டரிடம் வாங்கிய நேரத்தை என் மனைவி ரத்து செய்யவில்லை. திங்கட்கிழமை அந்தக் கண்ணாடியை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

தள்ளினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, தொடவே இல்லை. லென்ஸை மாற்றினேன், இல்லாததை இருக்கிறது என்றேன், இருக்கும் சுவரைத் தூரம் என்றேன், அவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். பெற்ற மகள் வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தக் கோடை முழுக்க அவள் அப்பாவுக்குக் கண்ணாக இருந்தவன் நான்.